மதியம் ஒன்று முதல் மூன்று வரை

மதியம் ஒன்றானால் எங்கள் வீட்டுக் காலிங் பெல் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. கூரியர் பையன்களுக்கு இது பழகிவிட்டது. பார்சலைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுவார்கள். வெளியே மேடவாக்கம் முழுக்க மெட்ரோ வேலை. அந்த இரைச்சலுக்கு ஒரு குழந்தைகூட அசையாது. ஆனால் சமையலறையில் நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், பாயில் நான்கு தலைகள் எழும்பும்.

வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன். ஐந்து குழந்தைகள், உதவிக்கு ஒரு அக்கா. இந்த வேலையில் பெற்றோருக்கும் நமக்கும் எதெதற்கோ மனஸ்தாபம் வரும். சாப்பாட்டுப் புகாரை மெனுவை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஃபீஸ் பேச்சு வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். யார் யாரைக் கடித்தது என்ற வழக்கெல்லாம் மறுநாளே மறந்துபோகும். மதியத் தூக்கம் மட்டும் அப்படித் தீராது. ‘ஏன் தூங்க வைக்கிறீர்கள்’, ‘ஏன் தூங்க வைக்கவில்லை’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நாளில், ஒரே வாசலில் நின்று பதில் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் அது உச்சத்துக்குப் போனது. முதல் பாயில் படுக்கும் பெண்ணுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை காலை அவள் அம்மாவிடமிருந்து வாட்ஸப் வந்தது: “ஆன்ட்டி, இனிமே அவள மதியம் தூங்க வைக்காதீங்க ப்ளீஸ். நைட்டு பன்னெண்டு மணி ஆகுது. எங்களால முடியல.” பக்கத்துப் பாயில் நாலரை வயதுப் பையன், பெரியவன். அவனுடைய அம்மா சேர்க்கும்போதே சொல்லி வைத்திருந்தார்: “நாலு மணி வரைக்கும் எழுப்பாதீங்க ஆன்ட்டி. அவங்க அப்பாவுக்கு யூகே ஷிப்ட். வீட்டுக்கு வர பத்தரை ஆகும். இவன் முழிச்சிருந்தாதான் அப்பா மூஞ்சியையே பார்ப்பான்.”

சின்னவள் தயிர் சாதத்தின் கடைசி வாயை வாங்கும்போதே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சாய்ந்த இடத்தில் தூங்கிப்போகிற ரகம். பெரியவனோ ஒரு மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். ‘ஆன்ட்டி, நான் இப்ப எழுந்துக்கலாமா’ என்று கிசுகிசுப்பான். பக்கத்தில் கிடப்பவளின் முடியை எண்ணுவான். கண் சொக்குகிறவளைத் தூங்கவிடாதே என்றும், தூக்கமே வராதவனைத் தூங்கவை என்றும் எனக்கு உத்தரவு.

லிங்குகளின் காலம்

சின்னவளின் அப்பா படித்தவர், எதையும் ஆதாரத்தோடு பேசுகிறவர். அன்று சாயங்காலமே ஒரு லிங்க் அனுப்பினார். ஆஸ்திரேலியாவில் காரன் தோர்ப் என்பவரின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு. அதுவரை வந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து அவர்கள் சொன்னது இதுதான்: இரண்டு வயதுக்குப் பிறகும் பகலில் தூங்கும் குழந்தைகள் இரவில் தாமதமாகத்தான் தூங்குகிறார்கள், அந்தத் தூக்கமும் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. ‘பாத்தீங்களா ஆன்ட்டி’ என்று கீழே ஒரு வரி.

நான் பி.காம். என் மகன் உட்கார்ந்து படித்துச் சொன்னான். பிறகு அவனே இன்னொன்றைத் தேடி எடுத்தான். இது அமெரிக்காவில் ரெபெக்கா ஸ்பென்சரின் குழு 2013-இல் செய்தது. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்குக் காலையில் ஒரு ஞாபக விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். மதியம் தூங்கி எழுந்த நாளில் அது நன்றாக நினைவிருந்தது. தூங்காத நாளில் கொஞ்சம் நழுவியது. மதியம் தூங்கிப் பழகிய குழந்தைகளிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. இதை நானும் அவருக்குப் பதிலாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பெற்றோரோடு லிங்க் சண்டை போட்டு ஜெயித்த டேகேர்காரி யாரையும் எனக்குத் தெரியாது. ஜெயித்த மறு மாதமே குழந்தை வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

நிதானமாகப் பார்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளவே இல்லை. தூக்கமும் பசி மாதிரிதான். ஏழு மணிக்கு இரண்டு பஜ்ஜி தின்றவனுக்கு எட்டு மணிச் சாப்பாடு இறங்காது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சொக்கும், தூங்கினால் கரையும். சின்னக் குழந்தைகளால் அந்தப் பாரத்தைக் காலை முதல் இரவு வரை தாங்க முடியாது, அதனால் நடுவில் ஒரு முறை இறக்கிவைக்கிறார்கள். வளர வளரத் தாங்கும் காலம் நீளும். இரண்டு வயதுக்குள் பகல் தூக்கத்தை விடும் குழந்தைகள் மிக அபூர்வம். ஐந்து வயதுக்குள் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் அந்த மூன்று வருஷத்தில் எந்தக் குழந்தை எந்த மாதத்தில் விடும் என்று யாரும் சொல்ல முடியாது. டேகேர் தகராறு மொத்தமும் அந்த மூன்று வருஷத்துக்குள்தான் நடக்கிறது.

எனக்கு உறுத்தியது வேறொரு கணக்கு. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13. சின்னவள் இரவு பன்னிரண்டுக்குத் தூங்கினாலும் காலை ஏழுக்கு எழுப்பியாக வேண்டும். எட்டு மணிக்கு அவள் அம்மா கேப் பிடிக்க வேண்டும். ஆக இரவில் ஏழு மணி நேரம். என் வீட்டில் இரண்டு. மொத்தம் ஒன்பது. மதியத் தூக்கத்தை எடுத்துவிட்டு அவள் பத்து மணிக்கே தூங்கிவிட்டாலும் அதே ஒன்பதுதான். பள்ளத்தை அங்கே மூடி இங்கே தோண்டுவதற்கு இவ்வளவு சண்டையா?

ஆனால் இதை எடுத்துச் சொல்லப்போனால் ‘எங்களுக்கு வளர்க்கத் தெரியாதா’ என்ற இடத்தில் போய் நிற்கும். எனக்கு மாதச் சம்பளம் கொடுப்பவர்கள் அவர்கள். என்னை ‘ஆன்ட்டி’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அந்த மரியாதை எந்த வாசகம் வரைக்கும் செல்லும் என்பது எனக்குத் தெரியும்.

சரி, அவர்கள் சொன்னபடியே செய்து பார்த்தோம். ஒன்றரை மணிக்கு முகம் கழுவிவிட்டோம், பால்கனிக்குத் தூக்கிப்போய்க் கிரேன் காட்டினோம், உதவி அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே பாத்திரம் ஒழுங்குபண்ணினார். இரண்டரைக்குமேல் பிள்ளை பிள்ளையாக இல்லை. எதை எடுத்துக் கொடுத்தாலும் விட்டெறிந்தாள். ஐந்தே முக்காலுக்குக் கையில் பாதி முறுக்கோடு செருப்பு ஸ்டாண்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஏழேகாலுக்கு வந்த அம்மா தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் எட்டு மணிக்கு அவள் விழித்தபோது, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்த தெம்பு. அன்றைக்கு ராத்திரி எப்படிப் போயிருக்கும் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. மறுநாள் காலை அந்தப் பெண்ணின் கண்ணே சொன்னது.

வாசலில் ஒரு சாயங்காலம்

வார நடுவில் ஒருநாள் சின்னவளின் அம்மா வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சின்னவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். “உட்காருங்கம்மா, காபி போடறேன்” என்றேன். வழக்கமாக வாசலோடு போகிறவர், அன்று ஹாலில் குழந்தைகளின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் முகவாயில் இடித்தது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே ஆரம்பித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. அவ தூங்கினாதான் நான் லேப்டாப்பையே எடுக்க முடியும். தெனம் பத்தரைக்கு ஒரு ஆபீஸ் கால் இருக்கு. மடியில வெச்சுக்கிட்டு மியூட் போட்டு போட்டுப் பேசறேன். எனக்குன்னு ஒரு அரை மணி நேரம் கெடையாது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “எங்க மாமியார் சொல்றாங்க, டேகேர்லலாம் அவங்க வேலை முடியணும்னு புள்ளைங்கள தூங்கப் போட்டுடுவாங்கன்னு. சளி மருந்து குடுத்துக்கூடத் தூங்க வைப்பாங்களாம்.”

மருந்துப் பேச்சுக்கு எனக்குக் கோபம் வந்தது. அது புதிய சந்தேகம் இல்லை, காரணம் இல்லாத சந்தேகமும் இல்லை. சளி சிரப்பில் வரும் தூக்கம் அந்த மருந்தின் பக்கவிளைவு. குளோர்பெனிரமைனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியே உத்தரவு போட்டிருக்கிறார். டாக்டர் சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் என் வீட்டில் ஒரு சொட்டு மருந்துகூடக் குழந்தை வாயில் போகாது. சொல்லப்போனால் என்னிடம் ‘கொஞ்சம் சிரப் குடுத்துடுங்க ஆன்ட்டி, நல்லாத் தூங்குவான்’ என்று கேட்டவர்கள் பெற்றோர்கள்தான். அதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

ஆனால் முதல் பாதிக்கு என்ன சொல்வது? இதே கேள்வி முன்பு வந்தபோதெல்லாம், ‘குழந்தையோட ஆரோக்கியத்துக்குத்தான்மா’ என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். டேகேர் நடத்தும் எல்லோரிடமும் இருக்கும். அன்று அது வாயில் வரவில்லை.

“உங்க மாமியார் சொல்றது பாதி நெஜம்மா” என்றேன். “காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி ஏழரை. மதியம் புள்ளைங்க தூங்கற அந்த ஒன்றரை மணி நேரத்துலதான் நானும் அக்காவும் தட்டுல சோறு போட்டு உட்கார்ந்து சாப்பிடறோம். பாத்ரூம் போறதுகூட அப்பத்தான். அஞ்சும் முழிச்சிருந்தா எங்களால ஆறு மணி வரைக்கும் தாக்குப் பிடிக்க முடியாது. கத்த ஆரம்பிச்சிடுவோம். அதனால எனக்கும் அது வேணும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், இலேசாகக் கண் கலங்கிய மாதிரியும் இருந்தது. “நீங்களும் என்ன மாதிரிதானா ஆன்ட்டி.”

அதுவரை நாங்கள் இருவரும் குழந்தையின் பேரைச் சொல்லித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு இரவுத் தூக்கம் முக்கியம் என்று அவர், மதியத் தூக்கம் முக்கியம் என்று நான். அவருக்கு இரவில் அரை மணி நேரம் வேண்டும், எனக்குப் பகலில் ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண் தனக்கென்று நேரம் கேட்பதும், பிள்ளை பார்க்கும் பெண் ஓய்வு கேட்பதும் நம் ஊரில் இன்னமும் குற்றக் கணக்கில்தான் இருக்கிறது. குழந்தையை முன்னால் நிறுத்தினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதைச் சொல்லிவிட்ட பிறகு மிச்சப் பேச்சு பத்து நிமிஷம்தான். நான் அவளை மதியம் ஒன்றுக்கே படுக்க வைப்பது, இரண்டரைக்கு ஜன்னல் திரையை விலக்கிவிடுவது. எழுப்புவதென்றால் உலுக்கி எழுப்புவது இல்லை. வெளிச்சம் வந்து, பக்கத்தில் மற்றவர்களின் பேச்சு கேட்டு அவளே புரண்டு எழுந்துகொள்வாள். அவர்கள் பக்கத்திலிருந்து, வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியில் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுப்பது, சாப்பாட்டை எட்டுக்குள் முடிப்பது, ஒன்பதுக்கு ஹால் டியூப்லைட்டையும் டிவியையும் அணைப்பது. கடைசி விஷயம்தான் அந்த வீட்டில் கஷ்டமாக இருந்ததாம். மாமனாரின் செய்தி நேரம் ஒன்பது மணி. சின்னவளுக்குத் தூக்கம் ஒன்பது ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடவில்லை, ஆனால் பத்தேகாலுக்கு வந்தது. பத்தரை மணி மீட்டிங்கை மடியில் பிள்ளையில்லாமல் பேசி முடிக்க முடிந்தது என்று அவள் அம்மா ஒருநாள் மெசேஜ் போட்டிருந்தார்.

நம் ஊர்க் குழந்தைகள் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2010-இல் ஜோடி மைண்டெல் குழுவினர் இந்தியா உட்பட 17 நாடுகளிலும் பகுதிகளிலும் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்டார்கள். நியூசிலாந்தில் பிள்ளைகள் சராசரியாக 7.28-க்குப் படுத்துவிடுகிறார்கள், ஹாங்காங்கில் 10.17. பொதுவாகவே ஆசியப் பகுதிகளில் படுக்கை நேரம் தள்ளித்தான் இருந்தது. நியூசிலாந்துக்காரர்கள் எத்தனை மணிக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள், பத்தரைக்கு யாரோடு கால் பேசுகிறார்கள் என்று யாராவது சேர்த்துக் கேட்டால் தேவலை. பேறுகால விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது. காப்பகம் ஆபீஸ் பக்கத்தில் இருந்தாலும் மீட்டிங் ராத்திரி பத்தரைக்கு இருந்தால் பிள்ளையின் தூக்கம் அங்கேதான் போய் இடிக்கும். அதற்குச் சட்டம் இல்லை.

தூங்காதவன்

பெரியவன் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை.

தோர்ப் ஆய்வைப் படித்தபோதே அதே குழு செய்த இன்னொன்றும் என் மகன் கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியக் காப்பகங்களில், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் எல்லோரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்தே ஆகவேண்டும் என்று வைத்திருந்த இடங்களில், நாலைந்து வயதுக் குழந்தைகளின் இரவுத் தூக்கம் குறைவாக இருந்தது. அவர்கள் பள்ளிக்குப் போன பிறகும் அந்த வித்தியாசம் தொடர்ந்தது. எனக்கு அதில் ‘கட்டாயம்’ என்ற இடம்தான் தைத்தது. நம் பால்வாடிகளிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் படுக்கவைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து டீச்சரை வேவு பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனவே பெரியவனிடம் ஒப்பந்தம் போட்டேன். இருபது நிமிஷம் பாயில் படுக்க வேண்டும். தூக்கம் வந்தால் தூங்கலாம், வராவிட்டால் எழுந்து சமையலறைக்கு வரலாம், பேசக்கூடாது. அவன் வருவான். நானும் அக்காவும் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வான். நாலரை வயதுக்கு அபாரமான கை. காம்பு ஒன்றுகூட விழாது. என் ஓய்வில் பாதி அவனோடு போனது உண்மைதான், ஆனால் அவனோடு போனதில் எனக்கு வருத்தமில்லை.

அவன் அம்மா தினமும் கேட்பார்: “தூங்கினானா ஆன்ட்டி?” ‘கொஞ்ச நேரம் தூங்கினான்மா’ என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொந்தமாக டேகேர் நடத்தும் சிநேகிதி ஒருத்தி அப்படித்தான் சொல்லச் சொன்னாள். என்னால் முடியவில்லை. “இல்லம்மா, தூங்கல.” அவர் முகம் வாடும். அவன் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறானாம். அவன் அப்பா வந்து, தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாராம். சனி ஞாயிறுதான் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது. “காலைல அவர் எழுந்து இவன இங்க கொண்டுவந்து விடலாமேம்மா” என்று கேட்டேன். சில நாள் வந்தார். ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கிறவர் ஏழரைக்கு எழுந்து எத்தனை நாள் வருவார்?

ஒருநாள் அவன் அப்பாவே நேரில் வந்து கேட்டார். “ஒரு மணி நேரமாவது தூங்க வைக்க முடியாதா ஆன்ட்டி? எனக்காக.” குழந்தைக்காக என்று அவர் சொல்லவில்லை. சின்னவள் அம்மாவிடம் நான் எதை மெச்சினேனோ அதே நேர்மைதான் இது. ஆனால் இங்கே என்னால் தர முடியவில்லை. தூங்கிவிழும் பிள்ளையைச் சீக்கிரம் எழுப்பலாம். தூக்கம் வராத பிள்ளையைத் தூங்கவைக்க மிரட்டலும் மருந்தும்தான் வழி. “தூக்கத்த நான் ஊட்ட முடியாது தம்பி” என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த மாதம் பெரும்பாக்கத்தில் வேறு டேகேருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நாலு மணி வரை எல்லாக் குழந்தைகளும் தூங்கும் என்று உறுதி சொன்னார்களாம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு தகப்பனுக்குப் பிள்ளையின் முழித்த முகத்தைப் பார்க்கும் உரிமை எந்த ஆய்விலும் கணக்கில் வரவில்லை, என் விதியிலும் வரவில்லை. அவன் அங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறானா என்பதும் எனக்குத் தெரியாது. கீரை ஆயும்போது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

இப்போது சேர்க்கைப் படிவத்தில் ஒரு பக்கம் கூட்டியிருக்கிறேன். வீட்டில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, அம்மாவும் அப்பாவும் எத்தனை மணிக்கு வீடு வருகிறீர்கள், வண்டியில் தூங்குவானா, கடைசி விளக்கை யார் அணைப்பது. கீழே என் பக்கத்து விவரமும் அச்சில் இருக்கிறது: ஒன்று முதல் இரண்டரை வரை நாங்கள் சாப்பிட்டு ஓய்வெடுப்போம், தூக்கம் வருகிற குழந்தையைத் தடுக்க மாட்டோம், வராத குழந்தையை வற்புறுத்த மாட்டோம், எப்போது எழுப்புவது என்பதைச் சேர்ந்து பேசி முடிவுசெய்வோம். இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் சேர்க்காமலே போனார்கள். பரவாயில்லை, பாதியில் போவதற்கு அது மேல்.

வரும் ஜூனில் இரட்டையர் வருகிறார்கள், மூன்று வயது. ஒருவன் இடி விழுந்தாலும் தூங்குவானாம், மற்றவன் மதியத் தூக்கத்தை விட்டு மூன்று மாதமாகிறதாம். தூங்குகிறவனைத் தூங்காதவன் எழுப்பாமல் இருக்க இரண்டு பாயையும் எட்டத்தில் போடச் சொல்லி அவர்கள் அம்மா படிவத்தில் எழுதியிருக்கிறார். டேப் வைத்து ஹாலை அளந்து பார்த்தேன். டைனிங் டேபிளை வெளியே போட்டால்தான் உண்டு.